கறுத்த வலக்கை

பீனிக்ஸ், அரிசோனா
13 அக்டோபர் 2024

அன்புள்ள வரதராஜன் அண்ணாவுக்கு,

பிரேம்நாத் எழுதுகிறேன். இங்கே நான், துர்கா, மகள் தீபிகா, மாப்பிள்ளை எல்லோரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அண்ணிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

சகலைகள் நாம் இரண்டு பேரும் ஒழுங்காகப் பேசி நாளாயிற்று. போனை எடுத்தால் அக்காவும் தங்கையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். நமக்கு மிஞ்சுவது "அங்க மழையா?" மட்டும்தான். அதனால் நான் தருமபுரி தாலுகா ஆபீசில் இருந்த காலத்தில் உங்களுக்கு எழுதியது போல எழுத உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், தீபிகா தன் பழைய காரை எங்களிடம் கொடுத்துவிட்டாள். "ரெண்டு பேரும் ரிட்டையர் ஆயிட்டீங்க. வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்துக்கினு இருக்காதீங்கப்பா. நாலு எடம் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கிய சர்வதேச பர்மிட் கையில் இருக்கிறது. அப்புறம் என்ன, போன ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கிளப்பினோம்.

அண்ணா, பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று நினைத்திருந்தேன். இங்கே மூன்று ஆள் உயரத்துக்குக் கள்ளிச்செடி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, நம் ஊர் கருட சேவைக் கூட்டம் மாதிரி. வண்டி நூற்றிருபதில் போகிறது, தம்ளரில் வைத்த காபி ஆடவில்லை. எதிரே மாடு இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, ஆரன் சத்தம் இல்லை. அன்றைக்கு ஐயம்பேட்டை ஏரிக்கரையில் நீங்கள் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது வீண் போகவில்லை.

அடுத்த மாதம் நீளமான பயணம் ஒன்று போகத் திட்டம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி,
பிரேம்நாத்


ஐயம்பேட்டை
30 அக்டோபர் 2024

சகலை பிரேம்நாத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் அண்ணி சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு மைசூர்பாகும் தின்கிறாள். நாளைக்குத் தீபாவளி. மழை இன்னும் வலுக்கவில்லை.

அடேயப்பா, நீயா ஓட்டுகிறாய்? ஏரிக்கரையில் நான் அம்பாசிடரைக் கொடுத்தபோது நேரே மதகில் கொண்டுபோய் இறக்கினாயே, அதே பிரேம்நாத்தா? வண்டியைத் தூக்க எட்டு ஆள் வந்தார்கள். நீ கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாய். அமெரிக்காக்காரன் உன்னிடம் ரோட்டைக் கொடுத்திருக்கிறானே, அவனுக்கு ரொம்பப் பெரிய மனசு.

காபி ஆடவில்லையாமே! ஆடாது. அந்த ரோட்டில் எருமையைக் கட்டி ஓட்டினாலும் ஆடாது. நான் முப்பத்திரண்டு வருஷம் காஞ்சிபுரம் டிப்போவில் ஓட்டியவன். ஐப்பசி மழையில், வைப்பர் இல்லாத வண்டியில், படியில் பத்துப் பேர் தொங்க, வாலாஜாபாத் வளைவில் திருப்பியிருக்கிறேன். ஒரு ஆட்டுக்குட்டி செத்ததில்லை. அதைப் பற்றி எவனும் கடிதம் எழுதவில்லை.

உன் கடிதத்தை உன் அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? பக்கத்து வீட்டு நெசவுக்காரர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் காயத்ரிக்குப் படித்துக் காட்டினாள். "எங்க துர்கா வீட்டுக்காரர் அமெரிக்காவுல கார் ஓட்டறாராம்டி!" என்று அவள் சொன்னது எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்டது. என்னைப் பற்றி அவள் அந்தக் குரலில் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு எரிச்சல்தான், ஒளிக்கப் போவதில்லை.

ரிட்டையர் ஆனபோது நான் வாங்கிய மாருதி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. வேளை வரும்போது எடுப்பேன். துர்காவையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
வரதராஜன்


(அதே உறைக்குள், நான்காக மடித்த ஒரு தாள்)

அன்புத் தங்கை துர்காவுக்கு,

அக்கா ஜெயம்மாள் எழுதுகிறேன். மாமா கடிதத்தை எழுதிவிட்டு ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அதற்குள் இதைச் செருகி அனுப்புகிறேன். போனில் சொல்ல வழியில்லை, நான் போனை எடுத்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். நீ உடம்புக்கு நன்றாக இருக்கிறாய்தானே? குளிருக்குக் காதில் பஞ்சு வை.

மாமாவுக்குக் கண்ணில் பிரஷர் என்று ஆடி மாதமே சொல்லிவிட்டார்கள். நேரே பார்த்தால் எல்லாம் தெரிகிறதாம். இடப் பக்கம் சுத்தமாக இருட்டு, வலப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறதாம். இடப் பக்கம் நான் தட்டு வைத்தால் கை தேடுகிறது. "இனிமே வண்டியத் தொடக்கூடாது பெரியவரே" என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறித்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் கடிதம் வந்த அன்றைக்கு, மூன்று மாதமாக மூடி வைத்திருந்த வண்டியைத் துடைத்தார். மறுநாள் வாசலைவிட்டு வெளியே எடுத்தார். இடப் பக்கக் கண்ணாடி கேட்டில் மோதிக் கழன்று விழுந்தது. "கேட்டு சரியா திறக்கல" என்று என்னைத் திட்டினார்.

உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் அடக்கி எழுதச் சொல்லடி. ஆனால் கண் விஷயம் அவருக்குத் தெரியவே கூடாது. வேறு யாருக்குத் தெரிந்தாலும் மாமா தாங்குவார், பிரேம்நாத்துக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார். பதில் எழுதினால் காயத்ரி வீட்டு விலாசத்துக்குப் போடு. நான் அங்கேதான் பகலில் பட்டு நூல் சுற்றுகிறேன்.

ஜெயம்மாள்


கயென்டா, அரிசோனா
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எட்டு நாளாக ரோட்டில் இருக்கிறோம். உங்கள் பதில் வந்திருந்தால் பீனிக்ஸ் வீட்டில் காத்துக்கொண்டிருக்கும். திரும்பிப் போக இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை பொறுக்க முடியாமல் விடுதி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்றைக்குப் பார்த்ததை எப்படிச் சொல்வது! மண்ணெல்லாம் குங்குமச் சிவப்பு. அதன் நடுவே மலைகள் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் மாதிரி எட்டி எட்டி நிற்கின்றன. துர்கா தன் மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு அங்கே நின்றாள். வெள்ளைக்காரர்கள் அனுமதி கேட்டுப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை அண்ணியின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஒரே நாளில் ஐந்நூறு கிலோமீட்டர் அண்ணா! வழியில் ஒரு கழுகு எங்களோடு கூடவே பறந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேகத்தின் நிழல் மலைமேல் ஊர்வதைப் பார்த்தேன். ஆரஞ்சு உரித்துத் தின்றபடியே வந்தோம். களைப்பே இல்லை.

சிரிக்காதீர்கள். காலையில் கிளம்பி வடக்கே போவதால் வெயில் நேரே அடிக்கிறது. ஜன்னலை இறக்கிவிட்டுக் கையை வெளியே வைத்து வைத்து, என் வலக்கை முழங்கைவரை கறுத்துவிட்டது. உங்களுக்குச் சட்டையைக் கழற்றினால் வலக்கை மட்டும் கறுப்பாக இருக்குமே, அதே மாதிரி! துர்காவிடம் காட்டி, "பாத்தியா, நானும் டிரைவர் ஆயிட்டேன்" என்றேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

குளிர் காலம் தொடங்கிவிட்டது, காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

அன்புடன்,
பிரேம்நாத்


ஐயம்பேட்டை
9 டிசம்பர் 2024

பிரேம்நாத்துக்கு,

கடிதம் வந்தது. சாக்ஸ் வேண்டாம், இது ஐயம்பேட்டை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, ரொம்பவே சுகமாக இருக்கிறீர்கள்.

துர்கா மஞ்சள் புடவையில் நிற்கிற படத்தை உன் அண்ணி இருபது தடவையாவது பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கலியாணம் ஆன புதிதில், "ஒரு நாளு உன்ன முன்சீட்ல உக்கார வெச்சி ஊரெல்லாம் காட்டறேம்மா" என்று அவளிடம் சொன்னேன். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. ஊர் சனத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் என் பஸ்ஸில் ஏறியது மூன்று தடவை, மூன்றும் ஆஸ்பத்திரிக்கு.

சிவப்பு மண்ணுக்கு அமெரிக்காவா போக வேண்டும்? திருச்செந்தூர் பக்கத்தில் தேரிக்காடு இருக்கிறது. அதுவும் சிவப்புப் பாலைவனம்தான், நம் தமிழ்நாட்டிலேயே. மாட்டுப்பொங்கல், காணும்பொங்கல் முடிந்த மறுநாள், ஜனவரி பதினேழு, விடியற்காலை ஜெயம்மாளை முன்சீட்டில் உட்கார வைத்து மாருதியைக் கிளப்புகிறேன். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். நீ ஐந்நூறு ஓட்டியவன்தானே, மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்.

கழுகைப் பார்த்தாயாம், மேகத்தைப் பார்த்தாயாம். ரோட்டை எப்போதுதான் பார்த்தாய்? நாங்களெல்லாம் ஓட்டும்போது ரோட்டைத்தான் பார்ப்போம்.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

வரதராஜன்


பீனிக்ஸ்
12 டிசம்பர் 2024

அன்பு அக்காவுக்கு,

துர்கா. முந்தாநாள்தான் வீடு திரும்பினோம். மூன்று வாரமாக மேசைமேல் கிடந்த உன் கடிதத்தை அப்போதுதான் பிரித்தேன். இவர் கண்ணில் படுவதற்குள் தாளை மடித்து மறைத்துவிட்டேன். உனக்கு ராத்தூக்கம் இருக்கிறதா அக்கா? சரியாகச் சாப்பிடுகிறாயா?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இவர் இங்கே ஸ்டியரிங்கைத் தொட்டதுகூட இல்லை. ஓட்டுவது நான். கிராமத்து நர்ஸ் வேலையில் இருபத்தாறு வருஷம் ஸ்கூட்டியில் சுற்றியவள்தானே. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் காஞ்சிபுரத்தில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தோம். நான் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டேன். இவர் ரிவர்ஸ் எடுத்து ஆர்.டி.ஓ. நட்டு வைத்த கம்பம் இரண்டையும் சாய்த்தார். இரண்டாம் தடவையும் அதே. "வரதண்ணனுக்குத் தெரிஞ்சா இன்னும் நாலு கல்யாணத்துக்கு இதே பேச்சுதான்" என்று என்னிடம் கெஞ்சினார். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று இவரிடம், "மாமாவுக்கு உண்மைய எழுதிடுங்க" என்று எவ்வளவோ சொன்னேன். காரணம் சொல்ல முடியவில்லை, நீ சொல்லக் கூடாது என்றாய். "எதுக்குடி? ஒரு தடவையாவது அவரு என்னப் பாத்து வயிறு எரியட்டும்" என்கிறார். நான் என்ன செய்ய?

உனக்கு வேண்டியிருந்தால் இந்தக் கடிதத்தை மாமாவிடம் காட்டிவிடு. இவர் மானம் போனால் போகட்டும். நீ மட்டும் அந்த வண்டியில் ஏறாதே. என் தலைமேல் ஆணை.

துர்கா


பீனிக்ஸ்
24 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தேரிக்காட்டுக்குப் போவதாக எழுதியது படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். துர்காவுக்கு மட்டும் ஏனோ முகம் வாடிவிட்டது. இங்கே எல்லோருக்கும் சளி, மற்றபடி குறையில்லை. உங்கள் பக்கம் புயல் மழை என்று கேள்விப்பட்டோம், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே?

நெடும்பயணம் போகிறவருக்கு அனுபவத்தில் சில விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். வளைவில் வேகத்தைக் குறையுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டால் கூசாது. நம் வயசுக்கு அவசரம் கூடாது. பார்த்து ஓட்டுங்கள்.

இப்போதெல்லாம் எனக்கு ரோடு கையிலேயே வந்துவிட்டது. நீங்கள் இங்கே வந்தால் நானே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
பிரேம்நாத்


ஐயம்பேட்டை
8 ஜனவரி 2025

டேய் பிரேம்நாத்,

உடம்பு விசாரிப்பெல்லாம் அப்புறம். வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டுமா? எனக்கா சொல்கிறாய்? உன் கடிதத்தைப் படித்ததும் ரத்தம் தலைக்கு ஏறியது. இவன் இதற்கு முன்னால் என்னென்ன எழுதினான் என்று பழைய கடிதங்களையும் எடுத்து வைத்து வரி வரியாகப் படித்தேன். போன தடவை கோபத்தில் படித்ததால் கண்ணில் படவில்லை. இன்றைக்குப் பட்டது.

வலக்கை கறுத்ததா உனக்கு?

எனக்கு வலக்கை கறுத்தது ஏன்? நம் ஊரில் ஸ்டியரிங் வலப் பக்கம், டிரைவர் ஜன்னலும் வலப் பக்கம். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடப் பக்கமடா! அங்கே ஓட்டுகிறவனுக்கு இடக்கைதான் கறுக்கும். வலக்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியவன் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தான்? கழுகைப் பார்த்தவன், மேகத்தைப் பார்த்தவன், ஆரஞ்சு உரித்தவன் எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தான்?

மாட்டிக்கொண்டாயா? ஓட்டியது துர்கா. நான் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் உன் அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப விட்ருங்களேன். அவருதான் ஓட்டலயே, நீங்க யாரோட போட்டி போட்டுக்கினு இருக்கீங்க?" என்றாள்.

அது எப்படி விடுவது? ஜெயம்மாளின் தங்கை, ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தவள், தன் புருஷனை உட்கார வைத்துப் பாலைவனத்தைச் சுற்றிக் காட்டுகிறாள். முப்பத்திரண்டு வருஷ டிரைவர் நான் வாசலில் உட்கார்ந்து வண்டிக்குத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். உன்மேல் இருந்த எரிச்சல் இப்போது துர்காமேலும் சேர்ந்துகொண்டது, போதுமா? இந்தக் குடும்பத்தில் பெண்டாட்டியை வைத்து ஓட்டிக்கொண்டு போகிற ஆம்பளை ஒருத்தன் இருக்கிறான் என்று பதினேழாம் தேதி எல்லோருக்கும் தெரியும்.

வரதராஜன்


ஐயம்பேட்டை
22 ஜனவரி 2025

அன்புத் தங்கை துர்காவுக்கு,

இரண்டு உயிரும் பத்திரமாக வீட்டில் இருக்கின்றன. நேற்று போனில் விபத்தையும் மாமா கண்ணையும் பற்றி ஒரு வரி சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். உன் சளி விட்டதா?

உன் கடிதத்தை நான் மாமாவிடம் காட்டவே இல்லை. அவராகவே கண்டுபிடித்துவிட்டார். இனி அடங்குவார் என்று நினைத்தேன், முன்னைவிட எகிறினார். நான் வரமாட்டேன் என்று சொன்னதற்கு, "நீ வராட்டி தனியா போறேன்" என்றார். தனியாகப் போனால் இடப் பக்கம் பார்க்க ஆள் ஏது? உன் ஆணையை மீறி ஏறி உட்கார்ந்தேன். உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும், எனக்கும் உள்ளுக்குள் ஆசை இருந்தது துர்கா. அந்த மஞ்சள் புடவைப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கும் உன்மேல் வயிற்றெரிச்சல். இவர்தான் கத்தினார், நான் கத்தவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

செங்கல்பட்டுவரை ஒன்றும் ஆகவில்லை. "லாரி வருது", "சைக்கிள் வருது" என்று இடப் பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். "கண்டக்டர் வேலைய நல்லா பாக்கற" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் கொஞ்சம் அசந்துவிட்டேன். படாளம் தாண்டியதும் இளநீர்க் கடை ஒன்று வந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம்தான். இடப் பக்கம் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள், பின்னால் ஒரு சின்னப் பிள்ளை. மாமா வண்டியை நேராக அவள் பக்கம் திருப்புகிறார். நான் "ஐயோ நிறுத்துங்க" என்று கத்தினேன். பிரேக் அடித்தார். ஆனாலும் பட்டுவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் ஓரத்து மண்ணில் விழுந்தார்கள்.

கடவுள் புண்ணியம், பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முழங்கையில் தோல் உரிந்தது. கூட்டம் கூடிவிட்டது. அந்தப் பெண் எழுந்து வந்தவள், எல்லோரும் திட்டுகிற மாதிரிதான் திட்டினாள். "ஏன் பெரியவரே, கண்ணு தெரியலயா?"

மாமா வண்டியைவிட்டு இறங்கினார். அப்புறம், "ஆமாம்மா, தெரியல" என்றார்.

ஆடி மாதத்திலிருந்து யாரிடமும் சொல்லாத மனுஷன், நடுரோட்டில், முன்பின் தெரியாத ஐம்பது பேர் கேட்க அதைச் சொன்னார். ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அவளை வீட்டில் விட்டு வந்தோம். வண்டியைத் தள்ளிப் பக்கத்து டயர் கடையில் நிறுத்தினோம், அப்புறம் நம் ஊர் மெக்கானிக் லோகேஷ் போய் எடுத்து வந்தான்.

வீட்டுக்குப் போகலாம் என்றேன். பஸ் ஸ்டாப்பில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்து திருச்சி பஸ்ஸுக்குக் கை காட்டினார். "உனக்கு சொன்னது சொன்னதுதாம்மா, ஏறு" என்றார். மூன்று பஸ் மாறித் தேரிக்காடு போய்ச் சேர்ந்தோம் துர்கா.

போனில் சொன்ன மாதிரி, இனி உன் வீட்டுக்காரரிடம் எதையும் மறைக்க வேண்டாம். நான் சத்தியம் மீறியதை மாமாவிடம் ஒப்புக்கொண்டேன், அவர் திட்டவில்லை.

ஜெயம்மாள்


பீனிக்ஸ்
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் அண்ணியின் போனும் ஒரே வாரத்தில் வந்தன. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆமாம், ஓட்டியது துர்காதான். என் கையைப் பார்த்து நானே பெருமைப்பட்டேன் பாருங்கள், முட்டாள். இங்கே ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. உங்கள் கை மாதிரி இருக்கிறது, அது போதும் என்று எழுதிவிட்டேன்.

உங்களிடம் இதைச் சொன்னதில்லை. தீபிகா மூன்றாம் வகுப்பு படித்தபோது டீச்சர் எல்லோரிடமும் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "எங்க பெரியப்பா பஸ் ஓட்டறார்" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா என்ன வேலை என்று சொல்லவே இல்லை. குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கு வேன் பிடித்தாலும் முன்சீட்டில் உங்களைத்தான் உட்கார வைப்பார்கள். நான் பின்னால் சாப்பாட்டு அண்டாவோடு வருவேன். முப்பது வருஷப் புகைச்சல் அண்ணா. ஒரே ஒரு தடவை நீங்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக அண்ணியைக் கொன்றிருப்பேன்.

தனக்குக் கண் விஷயம் முன்பே தெரியும் என்று துர்கா இன்றைக்குத்தான் சொன்னாள். அதற்குமேல் என்னோடு பேசவில்லை. ஏப்ரலில் ஊருக்கு வருகிறோம். வந்து உங்கள் காலில் விழுகிறேன்.

பிரேம்நாத்


ஐயம்பேட்டை
11 பிப்ரவரி 2025

அன்புள்ள சகலை பிரேம்நாத்துக்கு,

காலில் எல்லாம் விழாதே, இடப் பக்கம் விழுந்தால் எனக்குத் தெரியாது. கண்ணுக்கு மூன்று வேளை மருந்து விடுகிறாள் உன் அண்ணி. துர்காவிடம் நான் சொன்னேன் என்று சொல், உன்னோடு பேசச் சொல். படாளத்துப் பெண்ணின் பெயர் அபிநயா. போன வாரம் போன் செய்து கேட்டேன், முழங்கை ஆறிவிட்டதாம். மாருதிச் சாவியை லோகேஷிடமே கொடுத்துவிட்டேன்.

தேரிக்காட்டுக்குப் போன வழியைப் பற்றி ஜெயம்மாள் எழுதியிருக்க மாட்டாள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், நான் அவளுக்குப் பக்கத்தில். டிரைவர் சின்னப் பையன். அவன் ஒவ்வொரு கியர் போடும்போதும் எனக்கு வயிறு எரிந்தது. திருச்சிவரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஜெயம்மாள் என் கையைக் கிள்ளி, "ஐய, இங்க பாருங்களேன், எவ்ளோ மயிலு" என்றாள். வயல் முழுக்க மயிலாம். நான் தலையைத் திருப்பி ஜன்னலைத் தேடுவதற்குள் போய்விட்டது.

முப்பத்திரண்டு வருஷம் ஓட்டினேன் பிரேம்நாத். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் பின்னால் அறுபது உயிர். ரிட்டையர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். இப்போது நேரம் இருக்கிறது, பக்கம்தான் இல்லை.

நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமைதான், இன்றைக்கும்தான். நீ கார் ஓட்டியதாக நினைத்தபோது இருந்ததைவிட இப்போதுதான் அதிகம். ஓட்ட ஒருத்தி இருக்க, நீ ஜன்னலோரம் உட்கார்ந்து கழுகைப் பார்த்தாயே, அதற்கு.

ஒன்று செய். எத்தனை கிலோமீட்டர், எத்தனை வேகம் என்றெல்லாம் இனிமேல் எழுதாதே. ஜன்னல் வழியே நீ பார்த்தது எல்லாவற்றையும் எழுது. கள்ளிச்செடி, கழுகு, மேகத்தின் நிழல், ஒன்று விடாதே. பொய் கலக்காதே. நானே படிக்கிறேன், எழுத்து நேரே இருந்தால் இன்னும் தெரிகிறது.

அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. சீக்கிரம் எழுது.

உன் அண்ணன்,
வரதராஜன்